பீசோ ஒலிபெருக்கியும் காந்தச் சுருள் ஒலிபெருக்கியும்

திருநெல்வேலிப் பக்கத்துக் கோயில் கொடை விழாக்களில், வில்லுப்பாட்டுக் குடத்தின் அடித்தொனியை ஊர் எல்லை வரை கொண்டுசெல்வது காந்தச் சுருள் ஒலிபெருக்கிதான். நிலைக்காந்தத்தின் இடைவெளியில் நிற்கும் செம்புக் கம்பிச் சுருளில் மின்னோட்டம் பாயும்போது, சுருளும் அதனோடு ஒட்டிய காகிதக் கூம்பும் முன்னும் பின்னும் அசைந்து நிறையக் காற்றைத் தள்ளுகின்றன.

பீசோவில் காந்தமும் இல்லை, சுருளும் இல்லை. மின்னழுத்தம் கொடுத்தால் வடிவம் மாறும் பீங்கான் வில்லையை மெல்லிய பித்தளைத் தகட்டில் ஒட்டியிருப்பார்கள்; 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்த விளைவின் மறுதலை இது. பழைய அலாரக் கடிகாரம் ஒன்றைப் பிரித்தபோது, ஒரு ரூபாய்க் காசளவில், இரண்டு கம்பிகள் பற்றவைத்த அந்த வில்லையைப் பார்த்தேன். அத்தனை கூச்சலும் இதிலிருந்தா என்று வியப்பாக இருந்தது.

வில்லையின் அசைவு மிகச் சிறியது; உச்ச ஒலிக்கு அது போதும் என்பதால் ஜால்ராவின் ஒலி கூர்மையாக வரும். அடித்தொனிக்கு வேண்டிய அளவு காற்றை அதனால் தள்ள முடியாததால், குடமோ வெறும் தட்டலாகத் தேய்ந்துவிடும். ஆகவே கொடைக்குப் பீசோவை மட்டும் நம்புவது வீண்செலவு. உச்ச ஒலிக்கு மட்டும் ட்வீட்டராகச் சேர்க்கலாம். மின்தேக்கியைப் போல நடந்துகொள்ளும் இந்த வில்லை உயர் அதிர்வெண்ணில் ஆம்பிளிஃபயரைச் சிரமப்படுத்தக்கூடும் என்பதால், தொடரில் ஒரு மின்தடையை இணைப்பது வழக்கம்.