பிரேக் ஹோஸ் மாற்றி நான்கு வருடம்: எங்கள் குடும்பக் காரில் கண்டது

எங்கள் கார் வாங்கி 13 வருடம் ஆகிறது, 1,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முன் சக்கரங்களுக்குப் பிரேக் ஆயிலைக் கொண்டுபோகும் ரப்பர் குழாய்களான பிரேக் ஹோஸ் இரண்டையும் 9-வது வருடத்தில் மாற்றினேன். பின்னால் உள்ளவற்றை அதற்கு இரண்டு வருடம் கழித்து. டயர், பிரேக் பேட், பேட்டரிக்கெல்லாம் ஆயுள் உண்டு என்று எல்லாருக்கும் தெரியும். இந்த ரப்பர் குழாய்க்கும் ஆயுள் உண்டு என்பது எனக்கு அதுவரை உறைக்கவில்லை.

முன் இடது சக்கரம் சூடானதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. நீண்ட பயணம் முடித்து இறங்கினால் அந்தப் பக்கம் கருகிய வாடை வரும். பிரேக்கை விட்ட பிறகும் வண்டி லேசாக இடது பக்கம் இழுக்கும். ஒரு பட்டறையில் காட்டினேன். காலிப்பரில் (சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கின் மேல் பேட்களை அழுத்தும் பாகம்) பிஸ்டன் ஜாம் ஆகியிருக்கிறது என்று சொல்லி சீல் கிட், பேட் எல்லாம் மாற்றிக் கொடுத்தார்கள். ஆறே வாரத்தில் மறுபடி அதே வாடை.

இந்த முறை நானே ஜாக்கி போட்டு, ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றினேன். அதற்குள் இடது பக்கப் பேட் இரண்டும் வலது பக்கத்தைவிட நன்றாகத் தேய்ந்திருந்தன. ஆனால் உள் பேட், வெளிப் பேட் இரண்டும் ஒரே அளவு. காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடு பின் இறுகியிருந்தால் பெரும்பாலும் ஒன்று கூடவும் மற்றது குறைவாகவும் தேயும். சரி, கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று தோன்றியது. மகளை பெடலை அழுத்தி விடச் சொன்னேன். விட்ட பிறகும் டிஸ்க் கையால் சுற்ற வரவில்லை. காலிப்பரில் உள்ள, ஆயிலை வெளியே விடும் நிப்பிளைச் சற்றுத் தளர்த்தியதும் கொஞ்சம் ஆயில் பீறிட்டது, டிஸ்க் விடுபட்டது. பிஸ்டனே இறுகியிருந்தால் ஆயில் வெளியேறியதால் மட்டும் இப்படி விடுபடாது. நிப்பிளை மூடி மறுபடி பெடலை அழுத்தி விடவைத்து, இப்போது ஹோஸின் மேல் முனையில் இரும்புக் குழாய் சேரும் நட்டைத் தளர்த்தினேன். டிஸ்க் அசையவில்லை. அந்த நட்டுக்கும் காலிப்பருக்கும் நடுவில் இருப்பது ஹோஸ் மட்டும்தான், ஆக அடைப்பு அதில்தான்.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்தபோது எனக்கே வியப்பாக இருந்தது. ஹோஸின் உட்புறம் வழவழப்பான ரப்பர்க் குழாய், அதன் மேல் நூல் பின்னல், அதற்கும் மேல் வெளி ரப்பர். உள் குழாய் உப்பியோ உரிந்தோ போனால் வழி குறுகிவிடும். பெடலை அழுத்தும்போது வரும் அழுத்தம் மிகப் பெரியது, அந்தச் சின்ன வழியிலும் ஆயிலைத் தள்ளிவிடும். திரும்பி வரும்போது அந்த வலு கிடையாது. பிஸ்டனைப் பின்னுக்கு இழுப்பது அதன் ரப்பர் சீலின் சிறு மீள்விசைதான். அதனால் ஆயில் காலிப்பரிலேயே தங்கி, பேட் டிஸ்க்கை விடாமல் பிடித்துக்கொள்ளும். கழற்றிய ஹோஸைப் பிறகு நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். வெளியே ஒரு வெடிப்புகூட இல்லை, உள்ளே ஒரு பக்கம் தோல் போல உரிந்து கிடந்தது.

ஆகவே வெளித்தோற்றத்தை மட்டும் நம்பாதீர்கள். வெடிப்பு, வீக்கம், கசிவு, உரசல் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான். தெரியாவிட்டாலும் ஒரு சக்கரம் மட்டும் சூடானால் ஹோஸையும் சந்தேகப் பட்டியலில் வையுங்கள். பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவதும், ஆயில் வடியாமல் இருக்க ஹோஸைப் பிளையரால் நசுக்குவதும் உள் குழாயைக் கெடுக்கும். நான் இப்போது காலிப்பரைக் கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டிவிடுகிறேன்.

மாற்றும் வேலையில் கஷ்டமானது பழைய நட்டுதான். சாதாரண ஸ்பேனர் போட்டால் முனை மழுங்கிவிடும். குழாயைச் சுற்றிப் பிடிக்கிற ஃபிளேர் நட் ஸ்பேனர் இல்லாமல் இதைத் தொடாதீர்கள். முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஊறவிட்டேன். காலிப்பர் பக்கம் ஹோஸை இணைக்கும் பேன்ஜோ போல்ட்டுக்கு இரண்டு புறமும் புது காப்பர் வாஷர் போட்டு, மேனுவலில் சொன்ன டார்க்கில் (இறுக்க அளவில்) இறுக்கினேன். ஹோஸின் மேல் நீளமாக ஒரு கோடு ஓடும். மாட்டிய பிறகு அது முறுக்கிக்கொள்ளாமல் நேராக இருக்க வேண்டும். அப்புறம் ஸ்டீயரிங்கை இரண்டு கடைசிக்கும் திருப்பி, சக்கரம் தொங்கும்போதும் தரையில் நிற்கும்போதும் எங்கும் உரசவில்லை என்று பார்த்தேன். ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் ஜோடியாகவே மாற்றினேன்.

குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, அதாவது ஏர் எடுக்க, மகள்தான் துணை. நான் "அழுத்து" என்றால் "அழுத்திட்டேன்ப்பா" என்று பதில் வரும், அதன் பிறகே நிப்பிளைத் திறப்பேன். மூடிய பிறகே அவள் காலை எடுப்பாள். நடுவில் ஆயில் தொட்டி வற்றவே கூடாது. எங்கள் வண்டிக்கு டாட் 4 வகை பிரேக் ஆயில். புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், ஈரம் உறிஞ்சிய பிறகு 155 வரை இறங்கலாம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். பெயின்ட்டில் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடுங்கள். பெடல் கெட்டியாக நிற்காவிட்டால் வண்டியைச் சாலைக்கு எடுக்க வேண்டாம், தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எஃகுப் பின்னல் ஹோஸ் போடலாமா என்றும் யோசித்தேன். அது அழுத்தத்தில் குறைவாகவே விரியும், உண்மைதான். ஆனால் பின்னலுக்கு அடியில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது, பக்கத்தில் இருப்பதையும் உரசித் தின்னும். குடும்பக் காருக்கு ரப்பரே போதும் என்று முடிவெடுத்தேன்.

நான்கு வருடத்தில் முன் பேட் ஒருமுறை மாற்றினேன், இரு பக்கமும் ஒரே அளவு தேய்ந்திருந்தது. வாடை திரும்பவில்லை, இழுப்பும் இல்லை. பின் ஹோஸ்களை மாற்றியதற்குக் காரணம் வேறு: அவற்றைப் பிடித்திருந்த பிராக்கெட் துருப்பிடித்துப் பருத்து ரப்பரை நெரித்துக்கொண்டிருந்தது. வளைத்துப் பார்த்தால் நுண்ணிய வெடிப்புகளும் தெரிந்தன. அதிலிருந்து டயர் இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் டார்ச்சோடு நான்கு ஹோஸையும், பிராக்கெட்டையும் பார்க்கிறேன். புது ஹோஸ்களில் அச்சிட்டிருந்த தயாரிப்புத் தேதியை சர்வீஸ் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இனி கிலோமீட்டரை மட்டும் பார்க்காமல் அந்தத் தேதியையும் பார்த்தே அடுத்த மாற்றத்தை முடிவு செய்வேன்.