கர்ப்பகாலக் கெண்டைக்கால் பிடிப்புக்கு ரப்பர் வெந்நீர்ப் பை: ஒரு மதிப்பீடு

ஏழாம் மாதம் தொடங்கியதிலிருந்து இரவில் கெண்டைக்கால் சதை பிடித்துக்கொள்ளும் தொல்லை அதிகமானதால், கிருஷ்ணகிரி ரவுண்டானா அருகில் உள்ள ஒரு மருந்துக் கடையில் இரண்டு லிட்டர் ரப்பர் வெந்நீர்ப் பையை வாங்கினேன். விலை 300 ரூபாய்க்குள்தான். இதே வலியோடு தூக்கம் கெட்டுத் தவிக்கும் பெண்கள், இந்தப் பை எதற்கு உதவும், எதற்கு உதவாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்க வேண்டும் என்பதற்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

சதை இறுகிக் கட்டியாகத் திரண்டு நிற்கும் அந்த நிமிடத்தில் பை பயன்படாது; எழுந்து தண்ணீர் காயவைத்து நிரப்புவதற்குள் பிடிப்பு தானாகவே விட்டுவிடும். அப்போது கைகொடுப்பது, முழங்காலை மடக்காமல் காலை நீட்டி, கால் விரல்களை முகத்தை நோக்கி இழுப்பதுதான். வயிறு பெரிதான பிறகு குனிந்து விரலைப் பிடிக்க முடிவதில்லை. என் கணவர் ஒரு கையால் குதிகாலைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பாதத்தை மெல்ல மேல்நோக்கி அழுத்துவார். உருண்டு நின்ற சதை கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொடுப்பதை நன்றாக உணர முடியும். துணைக்கு ஆள் இல்லாதவர்கள் நீளமான துண்டைப் பாதத்தில் மாட்டி இரு முனைகளையும் இழுத்துக்கொள்ளலாம்.

பிடிப்பு விட்ட பிறகும் சதையில் தங்கிவிடும் நோவுக்குத்தான் இந்தப் பை அருமையாக உதவுகிறது. மறுநாள் அடியெடுத்து வைக்கும்போது உறைக்கும் அந்த வலி, பத்து நிமிட ஒத்தடத்தில் வெகுவாகக் குறைகிறது. படுக்கப் போகும் முன் சுவரில் கையூன்றிக் கெண்டைக்காலை நீட்டி இழுத்துவிட்டு ஒத்தடம் கொடுத்துக்கொண்டால் கால் தளர்வாக இருக்கிறது. மார்கழிக் குளிரில் தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வெதுவெதுப்பே பெரிய ஆறுதல்.

கொதிக்கும் நீரை ஊற்றக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிரப்பி, பையை மெல்ல அழுத்தி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிய பிறகே மூடியைத் திருக வேண்டும். நான் வாங்கியதோடு உறை தரவில்லை. பழைய வேட்டித் துணியை இரண்டு மடிப்பாகச் சுற்றிக்கொள்கிறேன். தைலம் தேய்த்த காலில் சூடு வைத்தால் தோல் வெந்துபோகக்கூடும். எண்ணெய்ப் பிசுக்கு பட்டால் ரப்பரும் விரைவில் கெடும். காலுக்கு மட்டுமே இதைப் பயன்படுத்துங்கள், வயிற்றில் வைக்காதீர்கள். பையைக் காலடியில் வைத்துக்கொண்டே தூங்கிவிடவும் வேண்டாம்.

பிடிப்பே வராமல் தடுக்கும் என்று எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம். மாத்திரைகளிலும் அப்படியொரு உறுதி இல்லை. மக்னீசியம், கால்சியம் போன்றவற்றைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் 2020 மதிப்பாய்வு, அவை இந்தப் பிடிப்பைக் குறைக்கின்றனவா என்பது தெளிவாகவில்லை என்றே சொல்கிறது. அதற்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் கால்சியம் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. அது தாய்க்கும் குழந்தைக்கும் வேறு காரணங்களுக்காகத் தேவை. இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்து விழுங்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். நம் பக்கத்துக் கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருப்பதால், களியோ கூழோ தினமும் சாப்பிடுவது நல்லதே.

ஒரு காலில் மட்டும் வீக்கம், சிவப்பு, சூடு, விடாத வலி ஆகியவை தோன்றினால், அது காலின் இரத்தக்குழாய்க்குள் இரத்தம் உறைந்து அடைத்திருப்பதாக இருக்கக்கூடும். அந்தக் காலை அமுக்கிவிடாமலும் ஒத்தடம் கொடுக்காமலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

முதல் சில நாள்கள் வரும் ரப்பர் நாற்றம், வாந்தி உணர்வு உள்ளவர்களுக்குச் சிரமமாக இருக்கும். சோப்புத் தண்ணீரில் கழுவி நிழலில் உலர்த்தினால் மட்டுப்படுகிறது. மின்சாரத்தில் சூடேறும் பையும் அதே கடையில் இருந்தது என்றாலும், சூட்டை நானே தீர்மானிக்க முடிவதால் இதையே விரும்பினேன். கடையிலேயே பையில் தண்ணீர் ஊற்றி, மூடியைத் திருகித் தலைகீழாகப் பிடித்து, ஒரு சொட்டும் கசியவில்லை என்று பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.