எம்.இ. கட்டுமான மேலாண்மை: படித்தது சைட்டில் எப்படி உழைக்கிறது?

சித்தப்பா மகன் சிவில் முடித்துவிட்டு, "அண்ணா, கட்டுமான மேலாண்மை சேரட்டுமா?" என்று கேட்கிறான். பாடத்திட்டமும் கட்டணமும் எல்லோருக்கும் தெரிந்தவை. படித்தது வேலையில் எப்படி உழைக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நானும் படித்த அந்தப் படிப்பில், எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்று காட்டும் நெட்வொர்க் வரைபடத்தைக் கையால் போட வைத்தார்கள். முன்னோக்கிப் போய்த் தொடக்க நாள், பின்னோக்கி வந்து கடைசி நாள், இரண்டுக்கும் நடுவே ஃப்ளோட், அதாவது தள்ளிப்போட இடம், எதுவும் மிஞ்சாத வேலைகளே கிரிட்டிகல் பாத்; அவற்றில் ஒன்று தாமதமானால் திட்டமே தாமதமாகும். அட்டவணை போடும் மென்பொருளான பிரைமவேரா வந்த பிறகு 1950களின் கணக்கு எதற்கு என்று வகுப்பே முணுமுணுத்தது. இன்று எனக்குச் சோறு போடுவது அதுதான். துணை ஒப்பந்ததாரர் அனுப்பும் அட்டவணையில், முன்பின் இணைப்பே இல்லாமல் தேதியை மட்டும் பூட்டிவைத்த வேலை உடனே கண்ணில் படுகிறது. தாமதமாக முடிந்த திட்டத்துக்கும் கடைசி நாளில் எஸ்.பி.ஐ. (செய்த வேலையின் மதிப்பைத் திட்டமிட்ட மதிப்பால் வகுத்து வரும் கால அளவுகோல்) 1 என்றே வரும், செய்த வேலையின் மதிப்பும் திட்டமிட்ட மதிப்பும் அன்று ஒன்றாகிவிடும் என்று கரும்பலகையில் போட்டுக்காட்டிய பேராசிரியரை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆனால் ஒன்றை என்னால் பொறுக்க முடியவில்லை. வேலைக்கு வரும் தடைகளைக் குறிக்கும் பதிவேடான ஹிண்ட்ரன்ஸ் ரிஜிஸ்டரைப் பற்றி அந்தப் படிப்பில் யாரும் மூச்சுவிடவில்லை. மத்தியப் பொதுப்பணித் துறை வேலைகளில் இது இல்லாமல் நடக்காது. இடம் ஒப்படைக்கவில்லையா, வரைபடம் வரவில்லையா, மின்கம்பி மாற்றவில்லையா, எதுவானாலும் தடை தொடங்கிய தேதி, நீங்கிய தேதி, ஒப்பந்ததாரர், துறை என்ற இரு தரப்புக் கையெழுத்து வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு தடைகள் இருந்தால், ஒன்றின்மேல் ஒன்று விழும் நாட்களை ஒருமுறைதான் எண்ணலாம். வேலையை முடிக்கக் கூடுதல் நாள், அதாவது கால நீட்டிப்புக் கேட்கும்போது இந்த ஏடுதான் சாட்சி. இது சரியில்லை என்றால், தாமதத்துக்கான இழப்பீட்டை நம் பில்லிலேயே பிடித்துக்கொள்வார்கள். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் தாமதம், இழப்பீடு பற்றிய 55, 73, 74 பிரிவுகளைத் தேர்வுக்கு ஒப்பித்தோமே, அவை சைட்டில் எந்தத் தாளில் வந்து நிற்கும் என்று ஒருவராவது காட்டியிருக்க வேண்டாமா?

எனக்குக் காட்டியவர் டிப்ளமோ படித்த, ஓய்வை நெருங்கிய பில்லிங் இன்ஜினியர். மாலையில் பதிவேட்டோடு உதவிப் பொறியாளர் அறைக்குப் போவார். கையெழுத்து விழாமல் கிளம்ப மாட்டார்.

சென்ற வாரம் எங்கள் கால நீட்டிப்பு விண்ணப்பம் திரும்பி வந்தது. பல பக்கங்களில் எதிர்த்தரப்புக் கையெழுத்து இல்லை. பதிவேட்டை வைத்திருந்தவன் புதிதாகச் சேர்ந்த எம்.இ. பட்டதாரி. கெட்டிக்காரன், அட்டவணை போடுவதில் அப்பழுக்கு இல்லாதவன். அவன்மேல் எனக்குக் கோபமில்லை. இதைச் சொல்லித்தராமல் பட்டம் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

வேலையைப் பொறுத்தவரை, சேர்ந்ததும் புராஜெக்ட் மேனேஜர் நாற்காலி கிடைக்காது. பிளானிங், பில்லிங், ஒப்பந்தப் பிரிவு என்றுதான் தொடங்கும். திட்ட மேலாளர்களுக்கான பி.எம்.பி. சான்றிதழுக்கே நான்காண்டுப் பட்டம் பெற்றவர்களிடம் 36 மாத அனுபவம் கேட்கிறார்கள். வளைகுடா போக நினைத்தால் பிரைமவேராவோடு ஃபிடிக் என்ற சர்வதேச மாதிரிக் கட்டுமான ஒப்பந்தங்களும் தெரிந்திருப்பது நல்லது.

இவ்வளவு பாராட்டிய பிறகும் சொல்கிறேன், தம்பி, இந்த ஆண்டு சேராதே. முதலில் ஒரு சைட்டுக்குப் போ. பிறகும் படிக்கத் தோன்றினால், ஒப்பந்தப் பாடம் நடத்துகிறவர் ஒரு கால நீட்டிப்புக் கோரிக்கையாவது எழுதியிருக்கிறாரா என்று விசாரி. இல்லையென்றால் அந்தக் கல்லூரியில் பணம் கட்டாதே.