ராப் சாகவில்லை, நீளம்தான் கொல்கிறது: ஒரு மாதாந்திரக் கேட்பாளனின் புலம்பல்

2025 அக்டோபர் 25 தேதியிட்ட பில்போர்டு ஹாட் 100 பட்டியலில், அதாவது அமெரிக்காவின் வாராந்திரப் பாட்டுத் தரவரிசையில், முதல் 40 இடங்களில் ஒரு ராப் பாட்டுகூட இல்லை. 1990க்குப் பிறகு இப்படி நடந்தது அதுதான் முதல் தடவை. செய்தி வந்ததிலிருந்து, அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்கள்கூட என்னிடம் துக்கம் விசாரிக்கிறார்கள். "மச்சான், உன் ராப் செத்துடுச்சாமே, இன்னுமா அந்தப் பாட்டு ஆப்புக்கு மாசாமாசம் காசு கட்டிக்கிட்டு இருக்க?" என்று கல்லூரிக் கால நண்பன் ஒருவன் கேட்டான். ஒரு வரியில் பதில் சொல்ல முடியாத கேள்வி. ஏனென்றால் எனக்கும் கோபம் இருக்கிறது, ஆனால் அது வேறு கோபம்.

முதலில் அந்தச் செய்தியை முடித்துவிடலாம். அதில் பாதி கணக்கு வித்தை. நெடுநாளாகப் பட்டியலில் உட்கார்ந்திருக்கும் பாட்டுகளை முன்பைவிடச் சீக்கிரம் இறக்கிவிடும்படி பில்போர்டு விதியை மாற்றியது. ராப்பர் கென்ட்ரிக் லாமரும் பாடகி சிஸாவும் சேர்ந்து பாடிய 'லூதர்' அப்படித்தான் வெளியேறியது. அதே ஆண்டில் 13 வாரம் முதலிடத்தில் இருந்த பாட்டு அது. போதாக்குறைக்கு, முந்தைய வாரப் பட்டியலில் முதல் 12 இடங்களையும் டெய்லர் ஸ்விஃப்டின் புது ஆல்பமே பிடித்துக்கொண்டிருந்தது. அதே ஆண்டு பிப்ரவரியில்தான் கென்ட்ரிக் அமெரிக்கக் கால்பந்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலின் இடைவேளையில், நியூ ஆர்லியன்ஸ் மைதானத்தின் நடுவே நின்று, போட்டி ராப்பர் டிரேக்கைத் திட்டி எழுதிய பாட்டை அமெரிக்காவையே பாடவைத்தார். அதற்குள் பாடை கட்டுகிறார்கள். சரி, விடுங்கள்.

நான் ராப் கேட்கும் விதம் கொஞ்சம் குமாஸ்தாத்தனமானது. மாதக் கடைசியில் அந்த மாதம் வந்த ஆல்பங்களில் எது மனதில் நின்றது, எது ஒட்டவில்லை என்று எழுதிவைப்பேன். முதல் தடவை வரிகளைப் பார்க்காமல் கேட்பேன், பீட்டும் (பின்னணித் தாள இசை) குரலும் மட்டும். இரண்டாவது தடவை வரிகளைத் திறந்துவைத்துக்கொண்டு. எல்லாம் ஹெட்ஃபோனில்தான். வீட்டில் ஸ்பீக்கரில் போட்டால், ஆங்கிலம் தெரியாது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கு எந்தெந்தச் சொல் நன்றாகத் தெரியும் என்பது தெரிந்துவிடும்.

இப்படிக் கேட்பவனுக்கு ஓர் ஆல்பத்தின் நீளம் என்பது சின்ன விஷயம் கிடையாது. நான் கேசட்டில் வளர்ந்தவன். ஒரு பக்கம் ஒரு படம், திருப்பிப் போட்டால் இன்னொரு படம். படத்துக்கு ஐந்தாறு பாட்டு. அதில் ஒன்று சோகப் பாட்டாக இருக்கும், அதை ஓட்டிவிடலாமா என்று யோசிப்பதற்குள் முடிந்துவிடும். இன்று வரும் பெரிய ராப் ஆல்பங்களில் 20, 25, 30 பாட்டு. ஒன்றே கால் மணி நேரம். அதை இரண்டு தடவை கேட்டு, மாதத்தில் அப்படி நாலைந்து வந்தால், மனிதன் வேலைக்குப் போக வேண்டாமா?

இது கலைஞனின் பெருக்கெடுத்த கற்பனை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. அமெரிக்க இசைப்பதிவு நிறுவனங்களின் சங்கம் 2016 பிப்ரவரியில் இருந்து தங்கம், பிளாட்டினம் சான்றிதழுக்கு ஸ்ட்ரீமிங்கையும், அதாவது இணையத்தில் ஓடவிட்டுக் கேட்பதையும், சேர்த்துக்கொண்டது. 1500 ஸ்ட்ரீம் ஒரு ஆல்பம் விற்றதற்குச் சமம். ஸ்பாட்டிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு ஸ்ட்ரீம். பாட்டு ஐந்து நிமிடமா, ஒன்றரை நிமிடமா என்று யாரும் கேட்பதில்லை. அப்படியானால் எந்த மேனேஜரும் என்ன சொல்வார்? பாட்டைச் சின்னதாக்கு, எண்ணிக்கையைக் கூட்டு. 2018இல் மிகோஸின் 'கல்ச்சர் 2' 24 பாட்டோடு வந்தது, டிரேக்கின் 'ஸ்கார்பியன்' 25. அப்போதே முனகினேன். யார் கேட்டார்கள்?

நியாயமாகச் சொன்னால், அதே 2018இல்தான் ராப்பர் புஷா டி ஏழே பாட்டில், 21 நிமிடத்தில், 'டேட்டோனா'வை முடித்தார். டியரா வாக் 15 பாட்டு, ஒவ்வொன்றும் சரியாக ஒரு நிமிடம் என்று 'வாக் வேர்ல்டு' போட்டார். அளவு தெரிந்தவர்கள் எப்போதும் இருக்கிறார்கள்.

நீளத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். டீலக்ஸ் என்று ஒன்று இருக்கிறதே, அதுதான் என் பொறுமையைச் சோதிக்கிறது. ஒரு காலத்தில் டீலக்ஸ் என்றால் அதே ஆல்பம் ஓராண்டு கழித்து, பழைய டெமோ (வெள்ளோட்டப் பதிவு) நாலு சேர்த்து வரும். 2020 மார்ச்சில் லில் உஸி வெர்ட் 'எடர்னல் அடேக்'கை வெளியிட்டார். அடுத்த வாரமே அதற்கு டீலக்ஸ், புதிதாக 14 பாட்டு! அதன் பிறகு அது வழக்கமாகிவிட்டது. பந்தியில் இலையை மடித்துவிட்டு எழுந்தவனைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, மறுபடி சாதம் போடுகிற மாதிரி. நான் மாதக் குறிப்பை எழுதி முடித்திருப்பேன். அந்த ஆல்பம் என்பது இனி அந்த ஆல்பம் இல்லை.

இதில் செயலியும் தன் பங்குக்குக் கூத்தடிக்கும். நான் சேமித்துவைத்திருந்த ஆல்பம் ஒருநாள் சாம்பல் நிறமாகிவிடுகிறது. அழுத்தினால் ஓடாது. தேடிப் பார்த்தால் அதே பெயரில் புதிய பதிப்பு, புதிய அட்டைப் படம். புதுப் பாட்டுகள் கடைசியில் இருந்தாலாவது பரவாயில்லை, முன்னால் செருகியிருக்கிறார்கள். முதல் பாட்டு எது என்று ஒருவன் மண்டையை உடைத்துக்கொண்டு தீர்மானித்திருப்பான், அதன்மேல் நாலு பேர் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

இப்போது அட்லாண்டா ராப்பர் பிளேபாய் கார்ட்டியின் 'மியூசிக்'. 2020 கிறிஸ்துமஸ் அன்று முந்தைய ஆல்பம். அதன்பின் நாலு ஆண்டுக்கு மேல் ரசிகர்களைக் காக்கவைத்து, 2025 மார்ச் 14 நள்ளிரவு என்று சொல்லி, நள்ளிரவு தாண்டியும் பல மணி நேரம் இழுத்து ஒருவழியாக வெளியிட்டார். 30 பாட்டு. பத்து நாள் தாண்டியதும் டீலக்ஸ், இன்னும் நாலு. கென்ட்ரிக் மட்டும் மூன்று பாட்டில் வருகிறார், ஒன்றில் பாதி வேடிக்கைக்குக் கத்திவிட்டுப் போகிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, ஸ்வாம்ப் இஸ்ஸோ என்ற டிஜே ஆல்பம் முழுக்க ஊடே ஊடே தன் பெயரைச் சொல்லி அலறுகிறார். 2000களில் அட்லாண்டா மிக்ஸ்டேப்களில் (டிஜேக்கள் தொகுத்து வெளியிட்ட பாட்டுத் தொகுப்புகள்) டிஜேக்கள் இப்படித்தான் கத்துவார்கள், அதற்கான மரியாதை இது என்பது எனக்கும் தெரியும். தெரிந்தாலும் காது வலிக்கிறது. நல்ல பீட் ஒன்று எழும்பும் நேரத்தில் சரியாக வந்து கத்துவார்.

இதில் ஒரு சங்கடம். நண்பனுக்கு "சரி, இதைக் கேட்டுப் பார்" என்று முதலில் அனுப்பிய பாட்டு இந்த ஆல்பத்தில் இருந்துதான். கேட்டுவிட்டு "யாருடா அந்தக் கத்துற ஆளு?" என்றான். பைக்கில் போகும்போது, வண்டியைத் துடைக்கும்போது, எதையும் யோசிக்க மனமில்லாத மாலைகளில் என் கை போவது அந்த 30 பாட்டு மூட்டைக்குத்தான். கேட்டால் திட்டுவேன், ஆனால் கேட்பேன். இதற்கு மேல் விளக்கம் என்னிடம் இல்லை.

ஜூலையைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். 2025 ஜூலை மாதக் குறிப்பு மட்டும் எனக்கு எழுத எழுத நீண்டது. 11ஆம் தேதி கிளிப்ஸ் வந்தார்கள். விர்ஜீனியாவைச் சேர்ந்த அண்ணன் தம்பி: மாலிஸும் புஷா டியும். சேர்ந்து கடைசியாக ஆல்பம் போட்டது 2009இல். நடுவில் அண்ணன் தெய்வ நம்பிக்கைப் பக்கம் திரும்பி, பெயருக்கு முன்னால் 'நோ' சேர்த்துக்கொண்டு, பழைய போதைப்பொருள் கதைகளைப் பாடுவதில்லை என்று ஒதுங்கிவிட்டார். தம்பி தனியாக நின்று பேர் வாங்கினார். திரும்பி வந்த 'லெட் காட் சார்ட் எம் அவுட்' 13 பாட்டு, முழுக்க ஃபாரெல் வில்லியம்ஸின் இசை. ஒரு பாட்டில் கென்ட்ரிக் பாடிய பகுதியை எடுக்கச் சொன்னார்களாம் முந்தைய நிறுவனத்தில். எடுக்க மாட்டோம் என்று அங்கிருந்து விலகி, வேறு இடத்தில் வெளியிட்டார்கள் என்று புஷா பேட்டியில் சொன்னார்.

முதல் பாட்டு 'தி பேர்ட்ஸ் டோண்ட் சிங்'. பெற்றோர் இருவரும் சில மாத இடைவெளியில் அடுத்தடுத்துப் போய்விட்டார்கள். தம்பி அம்மாவைப் பற்றிப் பாடுகிறார், அண்ணன் அப்பாவைப் பற்றி. முதல் தடவை வரி பார்க்காமல் கேட்டபோது ஜான் லெஜண்டின் குரல், பின்னால் தேவாலயப் பாடகர் குழு, அவ்வளவுதான் பதிந்தது. இரண்டாவது தடவை வரிகளோடு உட்கார்ந்தேன். மாலிஸ் அப்பா வீட்டுக்குப் போகிறார். வாசலில் கார் நிற்கிறது, அப்படியானால் உள்ளேதான் இருக்கிறார். தட்டுகிறார். மூன்றாவது தட்டலில் எலும்புக்குள் குளிர் ஓடுகிறது. அம்மா இல்லாமல் அவர் தவித்ததைப் பார்த்தபோதே தனக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார், அவளைத் தனியே அனுப்ப அவருக்கு மனம் வரவில்லை என்கிறார். அப்புறம் அப்பாவின் ஃபோனுக்கு ஒரு கடவுச்சொல். தன் இரண்டு மகன்களையும் நேசிப்பதாகச் சொல்லும் ஒரு சின்ன வாக்கியம்தான் அந்தக் கடவுச்சொல். அப்பா இருக்கும்வரை வாயால் எவ்வளவு சொன்னாரோ தெரியாது, ஒவ்வொரு தடவை ஃபோனைத் திறக்கும்போதும் விரலால் அடித்திருக்கிறார்.

பஸ்ஸில் இருந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் என் முகத்தைப் பார்த்து எதுவும் கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார், நல்ல மனிதர்.

அந்தப் பாட்டை செப்டம்பர் 13 அன்று வத்திக்கானில், புனித பேதுரு சதுக்கத்தில் நின்று பாடினார்கள். கொக்கெய்ன் விற்ற கதையை எழுதிப் பேர் வாங்கிய அண்ணன் தம்பி, போப்பாண்டவர் வாசலில்! ராப் செத்துவிட்டது என்கிறவர்கள் அதைப் பார்த்தார்களா தெரியவில்லை. குறை சொல்லவே முடியாதா என்றால், சொல்லலாம். ஆல்பம் நெடுக ஒரு குரல் வந்து ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டுப் போகிறது. ஃபாரெலின் பீட்டுகளில் இரண்டு மூன்று வழவழவென்று ஓடிவிடுகின்றன, இவர்களுடைய பழைய 'கிரைண்டின்' பாட்டு மாதிரி மேசையில் தாளம் தட்டவைப்பதில்லை. இருக்கட்டும்.

அதே மாதம் 21ஆம் தேதி, ஆல்பங்கள் வழக்கமாக வரும் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருக்காமல், திங்கட்கிழமையில் ராப்பர் டைலர், தி கிரியேட்டர் 10 பாட்டை இறக்கினார், அரை மணி நேரத்துக்கும் குறைவு, ஆடத்தான் போட்டேன் உட்காராதே என்கிற ஆல்பம். 25ஆம் தேதி ராப்பர் ஃப்ரெடி கிப்ஸும் பீட் போடும் ஆல்கமிஸ்டும் சேர்ந்து 'ஆல்ஃபிரடோ 2'. ஆல்கமிஸ்ட் டிரம்ஸை அடக்கி வாசிக்க, கிப்ஸ் மூச்சு விடாமல் ஓடுவதை நள்ளிரவில்தான் கேட்க வேண்டும். ஆகஸ்டில் ஏர்ல் ஸ்வெட்ஷர்ட் 24 நிமிடச் சொச்சத்தில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துபோனார். நாஸ் தன் நிறுவனத்தின் மூலம் ஸ்லிக் ரிக், ரேக்வான், கோஸ்ட்ஃபேஸ், மாப் டீப், டி லா சோல் என்று பெரிசுகளை ஒவ்வொருவராக மேடையேற்றினார். இதில் மாப் டீப் மட்டும் எனக்கு முழுதாக ஒட்டியது. அந்த இருவர் குழுவில் மறைந்துவிட்ட பிராடிஜியின் குரலை வைத்துச் செய்தாலும் சவப்பெட்டி வாசனை இல்லாமல் செய்திருக்கிறார்கள். மற்றவற்றில் பாதி மரியாதைக்காகக் கேட்டது.

தமிழில் ராப் இல்லையா என்று இந்த இடத்தில் யாராவது கேட்பார்கள். இருக்கிறது. 2006இல் மலேசியாவிலிருந்து யோகி பி - நட்சத்ராவின் 'வல்லவன்' வரவில்லையென்றால் என்னைப் போன்ற பலர் இந்தப் பக்கமே வந்திருக்க மாட்டோம். ஆனால் இங்கே வருவதெல்லாம் பெரும்பாலும் ஒற்றைப் பாட்டு அல்லது படப் பாட்டுக்குள் ஒரு வெர்ஸ், சில ராப் வரிகள். நான் திட்டுகிற நோய் இங்கே இல்லை. இதை நல்லது என்பதா, ஆல்பமே இல்லையே என்று அழுவதா?

சரி, நண்பனின் கேள்விக்கு வருகிறேன். மேலே எழுதியதைப் படித்தால் 2025 ராப்புக்கு நல்ல ஆண்டு என்றுதான் தோன்றும். நல்ல ஆண்டுதான். இருந்தாலும் மதிப்பெண் கேட்டால் பத்துக்கு 4. ஜூலையில் கேட்டிருந்தால் 9 போட்டிருப்பேன். இன்றைக்கு 4தான், ஏனென்றால் மாதக் குறிப்பை முடித்து வைத்திருந்த ஓர் ஆல்பத்துக்கு நேற்றுதான் இன்னொரு பதிப்பு வந்திருக்கிறது, ஒன்பது பாட்டு கூடுதல். மச்சான், நீ சந்தா கட்டாதே. கிளிப்ஸின் முதல் பாட்டை யூடியூபில் ஓசியில் கேட்டுக்கொள். என்னுடையது இன்று காலைதான் புதுப்பித்தாயிற்று. அந்த ஒன்பதில் இரண்டாவது பாட்டு கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கிறது.