லிஸ்ப் டெஸ்ட் எழுதித் தருகிறோம் என்று வந்தால், முதலில் சிவப்பைக் காட்டச் சொல்லுங்கள்

காமன் லிஸ்ப் என்ற நிரல்மொழியில் நிரல் வைத்திருக்கிறீர்களா? அதற்கு யூனிட் டெஸ்ட் (நிரலின் ஒவ்வொரு பகுதியும் சரியான விடை தருகிறதா என்று பார்க்கும் சின்னச் சோதனை) எழுதும் வேலையை வெளியாளிடம் கொடுக்கப் போகிறீர்களா? கடைசித் தவணையைக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். நான் 85,000 ரூபாய் கொடுத்த பிறகுதான் விழித்துக்கொண்டேன்.

லாரி வாடகைக்குப் பில் போடும் நிரல் ஒன்றை ஏழு வருடமாகத் தனியாளாகப் பார்த்து வருகிறேன். எஸ்பிசிஎல் என்ற லிஸ்ப் கம்பைலரில் ஓடுகிறது. மூன்று லாரி ஆபீஸ்களில் பயன்படுத்துகிறார்கள். டெஸ்ட் என்று எதுவும் கிடையாது. எதை மாற்றினாலும் நானே கையால் தட்டிப் பார்த்துக்கொள்வேன். போன வருடம் கணக்குப் பகுதி முழுவதையும் மாற்றி எழுத வேண்டிய நிலை வந்தது. டெஸ்ட் இல்லாமல் அதில் கை வைக்கப் பயமாக இருந்தது. லிஸ்ப் தெரிந்த ஒரு நிறுவனத்தைத் தேடிப் பிடித்தேன். ஃபைவ்ஏஎம் என்ற லிஸ்ப் டெஸ்ட் கருவியில் டெஸ்ட் எழுதித் தர வேண்டும், நிரலை ஏற்றும்போதெல்லாம் டெஸ்டை ஓட்டி, பாஸ் என்றால் பச்சை, தோற்றால் சிவப்பு காட்டும் சிஐயில் தானாக ஓட வேண்டும், எல்லாம் பச்சையானதும் கடைசித் தவணை. இதுதான் பேச்சு. ஆறு வாரத்தில் 214 டெஸ்ட் வந்தது. எல்லாம் பச்சை. பணத்தைக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் தைரியமாகக் கணக்குப் பகுதியை மாற்றி எழுதினேன். டெஸ்ட் அப்போதும் பச்சையாகவே இருந்தது. மூன்று ஆபீஸுக்கும் புதுப் பதிப்பை அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்து ஓர் ஆபீஸின் கணக்குப்பிள்ளை போன் செய்தார்.

“தம்பி, 312.50 வந்தா 313 போடணும்ல? உங்க பில்லு 312 போடுது. ஆனா 313.50க்கு மட்டும் 314னு சரியா போடுது. என்னன்னு பாருங்க.”

கேட்டவுடனே விஷயம் புரிந்துவிட்டது. லிஸ்பின் ரவுண்ட் என்ற ஃபங்ஷன், சரிபாதியில் நிற்கும் எண்ணைப் பக்கத்தில் இருக்கும் இரட்டை எண்ணுக்குக் கொண்டுபோகும். அது மொழியின் விதி, பிழை இல்லை. லாரி ஆபீஸ் வழக்கம் வேறு: ஐம்பது பைசா என்றால் மேலே. பழைய நிரலில் அரையைக் கூட்டிக் கீழே இறக்கும் முறை இருந்தது. அதை எடுத்துவிட்டு ரவுண்டைப் போட்டது நான்தான், அதில் மறுப்பில்லை. ஆனால் இந்த மாதிரித் தவறைப் பிடிக்கத்தானே அவ்வளவு பணம் கொடுத்து டெஸ்ட் எழுதச் சொன்னேன்?

டெஸ்ட் ஃபைலைத் திறந்தேன். ரூபாயாக்கும் கணக்குக்கென்று தனி டெஸ்ட் இருந்தது. உள்ளே ஒரே வரி: விடை உண்மையா என்று மட்டும் பார்க்கும் இஸ்-ட்ரூவைப் போட்டு, அதற்குள் 312.50ஐக் கொடுத்து என் ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தார்கள். அவ்வளவுதான். விடை 313 என்று எங்கேயும் எழுதவில்லை. லிஸ்பில் நில் ஒன்றுதான் பொய், மற்றதெல்லாம் உண்மை. 312 உண்மை. சுழி உண்மை. வெற்றுச் சரம்கூட உண்மை. என் ஃபங்ஷன் எந்த எண்ணைத் திருப்பித் தந்தாலும் அந்த டெஸ்ட் பாஸ் ஆகும். உட்கார்ந்து எண்ணினேன். 214இல் 97 டெஸ்ட் இதே ரகம்.

இதைவிட மோசமானது ஒன்று இருந்தது. எடை இடத்தில் வெற்றாக விட்டால் எரர் வர வேண்டும் என்பதைச் சோதிக்கும் டெஸ்ட். சிக்னல்ஸ் என்ற மேக்ரோவில், எந்த வகை எரர் என்று குறிப்பிடாமல் பொதுவாக எரர் என்றே எழுதியிருந்தார்கள். உள்ளே கூப்பிடும் ஃபங்ஷனின் பெயரில் ஓர் எழுத்துப் பிழை. அப்படி ஒரு ஃபங்ஷனே என் நிரலில் இல்லை! இல்லாததைக் கூப்பிட்டால் லிஸ்ப் அன்டிஃபைன்ட்-ஃபங்ஷன் என்ற எரரை எழுப்பும். அதுவும் எரர் வகைக்குள்தான் வருகிறது. டெஸ்ட் கேட்டது ஏதோ ஓர் எரர், அது கிடைத்துவிட்டது, பாஸ். என் நிரலை அது தொடவே இல்லை. அந்தப் பெயர் வரையறுக்கப்படவில்லை என்று எஸ்பிசிஎல் கம்பைல் செய்யும்போதே எச்சரிக்கும். அந்த எச்சரிக்கைகள் திரையில் வராதபடி ஸ்கிரிப்டில் அடக்கி வைத்திருந்தார்கள். தெரியாமல் செய்தார்கள் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த பிறகு அப்படி நினைக்க முடியவில்லை.

சரி, சிஐயாவது ஒழுங்காக இருக்கிறதா என்று வேண்டுமென்றே தோற்கிற டெஸ்ட் ஒன்றை எழுதி ஓட்டினேன். லாகில் ஃபெயில் 1 என்று ஃபைவ்ஏஎம் தெளிவாகச் சொல்கிறது. மேலே சிஐ பச்சை. காரணம், ஸ்கிரிப்ட், லிஸ்ப் நிரல்களை ஏற்றும் கருவியான ஏஎஸ்டிஎஃப்பின் டெஸ்ட்-சிஸ்டத்தை மட்டும் கூப்பிட்டுவிட்டு முடிந்துவிடுகிறது. டெஸ்ட் தோற்றாலும் ஜெயித்தாலும் அது டி (உண்மை) என்றுதான் திருப்பித் தரும்; நடுவில் யாராவது எரர் எழுப்பினால்தான் எஸ்பிசிஎல் சுழி அல்லாத எண்ணோடு வெளியேறும், அப்போதுதான் சிஐ சிவப்பாகும். டெஸ்டுகளை ஓட்டும் ஃபைவ்ஏஎம்மின் ‘ரன்!’ கட்டளை தரும் விடை நில் என்றால் எரர் எழுப்பு என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். அது இல்லை. ஆக, ஒரு டெஸ்ட்கூட உருப்படியாக இல்லாவிட்டாலும் எனக்குப் பச்சைதான் வந்திருக்கும்.

கேட்டதற்கு அவர்கள் சொன்னது: “ஃபைவ்ஏஎம் அப்படித்தான் சார். பாராஷூட்டுக்கு மாத்திடலாம், அதுக்குத் தனியா எஸ்டிமேட் அனுப்புறோம்.”

தயவுசெய்து இந்தப் பேச்சில் விழாதீர்கள். ஃபைவ்ஏஎம் கேட்டதற்கு நேர்மையாகத்தான் பதில் சொன்னது. பாராஷூட், ரோவ் என்ற மற்ற லிஸ்ப் டெஸ்ட் கருவிகளும் நல்லவைதான். விடையை எழுதாத டெஸ்ட் அவற்றிலும் இப்படியே பாஸ் ஆகும். ரிச்சர்ட் வாட்டர்ஸ் 1991இல் எழுதி விளக்கிய ஆர்டி என்ற பழைய டெஸ்ட் கருவியில் ஒரு வசதி உண்டு: ஒவ்வொரு டெஸ்டிலும் ஃபங்ஷனைக் கூப்பிடும் வரியோடு எதிர்பார்க்கும் விடையையும் எழுதியாக வேண்டும். அதில் இந்த ஏமாற்று வேலை இவ்வளவு சுலபமாக நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

நீங்கள் செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. கடைசித் தவணைக்கு முன்னால் அவர்களை எதிரில் உட்கார வையுங்கள். முக்கியமான ஃபங்ஷன் ஒன்றை எடுத்து, எப்போதும் சுழியைத் தருமாறு மாற்றி சிஐயில் ஏற்றுங்கள். சிவப்பு வந்தால் அடுத்த ஃபங்ஷன். வராவிட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். எழுதிய எல்லா டெஸ்ட் ஃபைலும், எந்தெந்த ஃபைலை ஏற்ற வேண்டும் என்று ஏஎஸ்டிஎஃப்புக்குச் சொல்லும் ஏஎஸ்டி ஃபைலின் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். எனக்கு வந்ததில் ஒரு ஃபைல் அதில் இல்லவே இல்லை, ஒருநாளும் ஓடியதில்லை. ஒப்பந்தத்தில் ‘எல்லாம் பச்சை’ என்று எழுதாதீர்கள். நான் அப்படித்தான் எழுதியிருந்தேன். அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். இப்போது போனையும் எடுப்பதில்லை.

அந்த 97ஐயும் ராத்திரியில் உட்கார்ந்து நானே திருத்திக்கொண்டிருக்கிறேன். இதுவரை 41 முடிந்திருக்கிறது. முதலில் எடுத்தது கணக்குப்பிள்ளை சொன்னதைத்தான்: 312.50க்கு 313, 313.50க்கு 314. சிஐ ஸ்கிரிப்டில் விட்டுப்போன அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, ரவுண்டை மாற்றாமல் அப்படியே வைத்து ஓட்டினேன். இந்த நிரலுக்குச் சிஐயில் அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சிவப்பு வந்தது.