இழுப்புக் கயிறு: எங்கே கட்டுவது, எதில் கட்டுவது

எண்ணெய் அழுத்தத்தால் தூக்கும் ஹைட்ரோலிக் இல்லாத காலத்துக் கலப்பை ஒன்றை உழவு மெசினில் கொழுவி, மட்டக்களப்புப் படுவான்கரைப் பக்கம் புழுதி உழவுக்கு ஓட்டிப் பார்க்க நினைப்பவர் கொழு தேய்ந்திருக்கிறதா, சில்லு சுற்றுகிறதா என்றெல்லாம் பார்ப்பார். சீற்றிலிருந்தே கலப்பையை ஏற்றி இறக்கச் சுண்டும் இழுப்புக் கயிற்றைக் கடைசியில், கைக்கு அகப்பட்டதை எடுத்துக் கட்டுவார். ஆளைச் சீற்றிலிருந்து விழுத்தக்கூடியது அந்தக் கயிறுதான்.

கலப்பையை மூன்று இடத்தில் பிடித்து மெசினே தூக்கும், பெர்குசனின் மூன்று புள்ளிக் கொழுவலோடு வந்த உழவு இயந்திரம் 1936இல் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன்பும், அதற்குப் பிறகு பல வருடங்களும், தன் சொந்தச் சில்லில் ஓடும் இழுவைக் கலப்பைகள் ஏராளம். இங்கிலாந்தில் ரான்சம்ஸ், அமெரிக்காவில் இன்டர்நாஷனல் ஹார்வெஸ்டர் போன்ற கம்பனிகள் அவற்றைச் செய்தன. உழாத நிலத்தில் ஓடும் இடப்பக்கச் சில்லோடு ஒரு கிளச் சேர்ந்திருக்கும். கயிற்றை ஒருமுறை சுண்டினால் கிளச் பிடித்துக்கொள்ளும். சில்லு உருள உருளக் கலப்பை மேலே வரும், வந்து முடிந்ததும் கிளச் தானே விட்டுவிடும். அடுத்த சுண்டலில் கலப்பை இறங்கும். சுண்டியதும் கயிற்றைத் தளர விடவேண்டும். பிடித்துக்கொண்டே இருந்தால் ஏறிய கலப்பை திரும்பவும் இறங்கிவிடும்.

சில்லு உருண்டால்தான் இதெல்லாம் நடக்கும். ஆகவே சேற்று உழவுக்கு இந்தக் கலப்பையைக் கொண்டுபோக வேண்டாம். சேற்றில் சில்லு உருளாமல் வழுக்கும், கலப்பை எழும்பாது. பெரும்போக மழைக்கு முன் புழுதி விதைப்புக்காக நிலம் பிரட்டவும், மேட்டில் சோளன், கச்சான் போடவும் இது உதவும்.

கட்டும் முறைகளை ஒப்பிடுமுன் ஒன்றைப் பார்க்கவேண்டும். இப்படிப்பட்ட பல கலப்பைகளின் கொழுவலில் ஒரு ஸ்பிரிங் விடுவிப்பு இருக்கும். கொழு ஏதாவதில் இடித்து நின்றால் கொழுவல் தானாகத் திறந்து கலப்பையைப் பின்னால் விட்டுவிடும். காடு வெட்டிய நிலங்களில் பாலை, வீரைக் குற்றிகள் மண்ணுக்குள் கிடப்பது நமக்குத் தெரிந்த விஷயம். அங்கே இந்த விடுவிப்பு கலப்பையைக் காப்பாற்றும். ஆனால் அந்த நேரத்தில் மெசின் போய்க்கொண்டே இருக்கும், கலப்பை அசையாமல் நிற்கும், இரண்டுக்கும் நடுவில் மிஞ்சியிருப்பது இழுப்புக் கயிறு மட்டும். மணிக்கு 5 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு செக்கனில் ஏறத்தாழ 1.4 மீற்றர். கயிற்றில் இருக்கும் தளர்வு அதற்குள் முடிந்துவிடும். கயிற்றின் மறுமுனை எதில் கட்டியிருக்கிறதோ, அது பின்னால் இழுபடும்.

இப்படிப் பார்த்தால் கையில் சுற்றிப் பிடிப்பதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. மணிக்கட்டில் ஒரு வளையம் போட்டால் சுண்டுவதற்கு வசதிதான். இழுபடும்போது அவிழ்க்க நேரம் கிடைக்காது. விழும் ஆளுக்குப் பின்னால் கலப்பை இருக்கும். ஒரு பொடியனை மட்காட்டிலோ கலப்பையிலோ ஏற்றிக் கயிற்றைக் கொடுப்பது அதைவிட மோசம். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாத இடத்தில் அவன் இருக்கிறான்.

சீற்றின் கம்பியிலோ மட்காட்டிலோ இறுக்க முடிச்சுப் போடுவதுதான் பலர் செய்வது. உடம்பில் கட்டுவதோடு ஒப்பிட்டால் நூறு மடங்கு மேல். குறை இரண்டு. கலப்பை கழன்றால் ஒன்றில் கயிறு அறும், அல்லது கிளச்சின் நெம்புகோல் வளையும். எழுபது வயதுக் கலப்பைக்கு நெம்புகோல் தேடி எந்தக் கடைக்குப் போவது? அடுத்தது, மட்காட் ஒரு பக்கமாக இருக்கிறது. ஒரு பக்கம் திரும்பும்போது கயிறு இறுகித் தானே சுண்டிவிடும், மற்றப் பக்கம் திரும்பும்போது தொய்ந்து ரயர்ப் பக்கம் போகும். வரம்போரம் திரும்புகையில் கலப்பை தானாகக் கீழே குத்துகிறது என்று கிளச்சைக் கழற்றிப் பார்க்குமுன் கயிறு கட்டிய இடத்தைப் பாருங்கள்.

நான் சொல்லும் முறை கொஞ்சம் வேலை கேட்கும், செலவு கேட்காது. சீற்றுக்குப் பின்னால், நடுக்கோட்டில், கொழுவலின் ஆணிக்கு (பின்) நேர் மேலே வருவதுபோல ஒரு கம்பியைப் பொல்ட் பூட்டி நிறுத்துங்கள். மெசின் திரும்புவது அந்த ஆணியை மையமாக வைத்துத்தான். கயிறு அதற்கு மேலால் போனால் எந்தப் பக்கம் ஒடித்தாலும் கயிற்றின் நீளம் பெரிதாக மாறாது. கம்பியின் தலையில் மூடிய வளையம் வேண்டாம், மேல்பக்கம் திறந்த கவடு போதும். கை வழுக்காமல் இருக்கக் கயிற்று நுனியில் எல்லோரும் ஒரு முடிச்சுப் போடுவார்கள். மூடிய வளையத்தில் அந்த முடிச்சு சிக்கினால் இறுக்கிக் கட்டியதற்கும் இதற்கும் வித்தியாசமில்லை. கவடு குலுக்கலில் கயிற்றை எப்போதாவது துள்ளவிடும் என்பது உண்மை. கவட்டை ஆழமாக வளைத்தால் அது குறையும்.

கயிற்று நுனி சும்மா தொங்காமல் இருக்க, அதைச் சாக்குத் தைக்கும் சணல் நூல் ஒரு இழையால் கம்பியில் கட்டுங்கள். சுண்டும்போது அந்தச் சணலுக்கும் கலப்பைக்கும் இடையில் கயிற்றைப் பிடிக்கவேண்டும். அப்போது சுண்டும் பலம் சணலுக்குப் போகாது. கயிற்றின் பாரத்தை மட்டும் அது தாங்கினால் போதும். கலப்பை கழன்றால் சணல் அறும், கயிறு கலப்பையோடு போய்விடும். கட்டுமுன் அதே சணலில் ஒரு துண்டை இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள். அறவில்லையென்றால் அது தடிப்புக் கூட. இரண்டு மூன்று இழையாக முறுக்கிப் போட்டுவிட்டு ‘பாதுகாப்பு நூல்’ என்று சொல்வதில் பயனில்லை. விரல்களால் கயிற்றைப் பிடிக்கலாம், உள்ளங்கையைச் சுற்றி எடுக்கக்கூடாது.

சரி, எந்தக் கயிறு? கல்முனையிலோ வாழைச்சேனையிலோ மீன்பிடிச் சாமான் கடைக்குப் போனால் முதலில் கையில் வருவது நைலோன். உக்காது, வருடக்கணக்கில் கிடக்கும். படகுக்கு அதைவிட நல்ல கயிறு வேண்டியதில்லை. இங்கே அதன் பலமே குற்றம். 8 மில்லிமீற்றர் தடிப்பான நைலோன் அறுவதற்கு ஒரு தொன்னுக்கு மேல் இழுவை வேண்டும். அதற்குள் வேறு ஏதாவது உடைந்துவிடும். அறும்வரை நன்றாக நீண்டு, அறும்போது சாட்டையாகத் திரும்பி வரும், அந்தப் பக்கம் முதுகு காட்டியபடி றைவர் இருக்கிறார். நீளும் குணத்தால் இன்னொரு கரைச்சலும் உண்டு: சுண்டும்போது பாதிப் பலம் கயிறு நீள்வதிலேயே போய்விடும், கிளச்சுக்கு வெடுக்கென்ற இழுப்புக் கிடைக்காது.

தும்புக் கயிறு மலிவு, ஈரத்துக்கும் தாக்குப்பிடிக்கும். சொரசொரப்பு உள்ளங்கையைப் பதம் பார்க்கும், அதுவும் நீளும் சாதிதான். ஆனால் அறவேண்டிய நேரத்தில் அறும். அவசரத்துக்குத் தும்பைக் கட்டுபவரை நான் குறை சொல்லமாட்டேன். சணல் கயிறு புதிதாக இருக்கும்வரை நல்லது, நனைந்து காய்ந்தால் கெதியாக உக்கும்.

என் தெரிவு பருத்திக் கயிறு, பின்னியது, சுண்டுவிரல் தடிப்பு. கைக்கு மெது, நைலோன் அளவுக்கு நீளாது, மழையில் ஊறினால் கொஞ்சம் சுருங்கும். அதனால் ஈரமான காலையில் ஒருமுறை தளர்வைப் பார்க்கவேண்டும். மண்ணெண்ணெய், கிறீஸ் பட்டு ஊறிய கயிறு கையில் வழுக்கும், மாற்றிவிடுங்கள். விலை தும்பைவிடக் கூட, ஆனால் தேவைப்படுவது சில மீற்றர்தானே.

நீளத்தை அளவு நாடாவால் கண்டுபிடிக்க முடியாது. கலப்பையைக் கொழுவி, தட்டையான இடத்தில் இடமும் வலமும் முழுதாக ஒடித்து மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்தில் தள்ளி நிற்கும் ஒருவர் பார்க்கட்டும். எந்த நிலையிலும் கயிறு இறுகக்கூடாது, தொய்ந்த வயிறு ரயரையோ நிலத்தையோ தொடக்கூடாது. தொய்வு கூடினால் கலப்பையின் முன்சட்டத்தில் ஒரு வளையம் வைத்துக் கயிற்றைத் தூக்கி விடலாம். மற்றக் கருவிகளை ஓட்ட மெசினின் பின்னால் சுழலும் பி.ரி.ஓ. தண்டுக்கு மூடி போட்டிருக்கவேண்டும், அதைச் சுழலவிடவும் தேவையில்லை. சுழலும் தண்டில் கயிறு ஒரு சுற்றுப் போட்டால் மிச்சத்தை அது தானே இழுத்துக்கொள்ளும். சேற்றுக்கான கம்பிக் கூட்டுச் சில்லு பூட்டிய மெசினில் இந்த வேலையே வேண்டாம், அதன் கம்பிகளுக்குள் கயிறு போக இடம் அதிகம்.

ஒரு எச்சரிக்கையை இடையில் சொல்லிவிடுகிறேன். அந்த நடுக்கம்பி கயிற்றுக்கு மட்டும். கலப்பையைக் கொழுவ வேண்டியது கீழே உள்ள இழுவைச் சட்டத்தில். உயரத்தில் எங்காவது கொழுவி இழுத்தால் முன்சில்லு எழும்பி மெசின் பின்பக்கமாகக் கவிழும்.

கயிறே வேண்டாம், ஒரு ஹைட்ரோலிக் சிலிண்டர் பூட்டினால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. சுத்தமான வழிதான். மெசின் நகராமல் நின்றாலும் கலப்பை எழும்பும், ஆழத்தையும் சீற்றிலிருந்தே மாற்றலாம். ஆனால் மெசினில் வெளி எண்ணெய் வழி இருக்கவேண்டும். பழைய மசி பெர்குசன் எல்லாவற்றிலும் அது கிடையாது. சிலிண்டரைத் தாங்கக் கலப்பையின் சட்டத்தை வெட்டி ஒட்டவேண்டும், பழைய வார்ப்பிரும்பு எல்லா வெல்டிங்கையும் ஏற்காது. அதோடு, கலப்பை கழன்றால் இழுபடுவது இப்போது எண்ணெய்க் குழாய். இழுத்தால் தானே கழரும் இணைப்பு போடாவிட்டால் குழாய் வெடித்து, அழுத்தத்தில் இருக்கும் எண்ணெய் பீய்ச்சும். கயிற்றுக்குச் சணல் நூல் செய்ததை இங்கே காசு கொடுத்து வாங்கவேண்டும்.

ஏக்கர் கணக்கில் மேட்டுநிலம் உழுபவர், எண்ணெய் வழி ஏற்கனவே உள்ள மெசின் வைத்திருந்தால் சிலிண்டருக்குப் போகலாம். அவரிடம்கூட நான் முதலில் கேட்பது, மூன்று புள்ளியில் கொழுவும் கலப்பை இருக்கும்போது இதற்கு ஏன் செலவழிக்கிறீர்கள் என்றுதான். பழைய கலப்பையை அதன் குணத்தோடே ஓட்டிப் பார்க்க விரும்புபவருக்குப் பருத்திக் கயிறும் நடுக்கம்பியும் ஒரு சணல் இழையும் போதும். சணலை மட்டும் ஒவ்வொரு போகத்துக்கும் புதிதாகக் கட்டுங்கள்.