1967 எம்ஜிபிக்கு ஏற்ற டயர்: பிரெல்லி சின்டுராட்டோ சிஏ67 பற்றிய மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைச் சீர்படுத்துவோர் எஞ்சினுக்கும் பெயின்ட்டுக்கும் குரோம் பூச்சுக்கும் கணக்குப் பார்க்காமல் செலவழித்துவிட்டு, டயர் என்று வரும்போது கடையில் அன்றைக்கு இருப்பதை மாட்டிவிடுகிறார்கள். இது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. ஒரு 1960களின் கார் சாலையில் எப்படித் திரும்பும், எப்படி நழுவும், ஸ்டீயரிங் கையில் எப்படி இருக்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் டயர்தான் முடிவு செய்கிறது. அதனால்தான் கம்பிச் சக்கரங்கள் கொண்ட என் 1967 எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கு 165 எச்ஆர் 14 அளவில் (அகலம் 165 மில்லிமீட்டர், ரிம் விட்டம் 14 அங்குலம்) பிரெல்லி சின்டுராட்டோ சிஏ67 டயர்களை வரவழைத்தேன்.

அந்தக் காலத்துக்குரிய டயர் எது என்ற கேள்விக்கு எம்ஜிபியைப் பொறுத்தவரை ஒரே விடை கிடையாது. 1962இல் வெளிவந்தபோது இந்தக் கார் 5.60-14 அளவுள்ள கிராஸ்பிளை டயர்களில், அதாவது உள்ளிழைகள் குறுக்குமறுக்காக ஓடும் பழைய வகை டயர்களில், வந்தது. கூடுதல் பணம் கொடுத்தவர்களுக்கு 155 அளவில் ரேடியல், அதாவது இழைகள் ஓரத்துக்கு ஓரம் நேராக ஓடும் டயர், கிடைத்தது. பின்னர் வந்த, நிலையான கூரை கொண்ட ஜிடி வகைக்கு 165 ரேடியல் பொருத்தப்பட்டது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையை அப்படியே காட்ட வேண்டிய கண்காட்சிக் காருக்கு கிராஸ்பிளைதான் சரி. ஓட்டுவதற்கென்று வைத்திருக்கும் காருக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சாலையின் பள்ளம் மேடு எங்கே இழுக்கிறதோ அங்கே கிராஸ்பிளை போகப் பார்க்கும். மிஷ்லான் 1949இலேயே ரேடியலை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது, பிரெல்லியின் சின்டுராட்டோவும் 1950களில் வந்துவிட்டது. ஆகவே 1967இல் தன் எம்ஜிபியை ஆசையாக ஓட்டிய ஒருவர் ரேடியல் மாட்டியிருந்தால் அதில் புதுமை எதுவும் இல்லை.

டயர் நிறுவனமான டன்லப்பின் பெயரின் மேல் டர்பன்காரர்களாகிய நமக்கு ஒரு பற்று உண்டு. சிட்னி சாலையில் இருந்த அந்தத் தொழிற்சாலையில் உழைத்தவர்கள் நம் குடும்பங்களிலும் இருந்தார்கள். ஆனால் இன்று சாதாரணக் கடைகளில் அந்தப் பெயரில் கிடைப்பவை இன்றைய கார்களின் அளவுகளே.

கடைகளில் நமக்கு வழக்கமாகக் காட்டப்படும் மாற்று 185/70 ஆர் 14; அதாவது அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவர் உயரம் அதில் 70 விழுக்காடு. பழைய 165 ரேடியலின் பக்கச்சுவர் உயரம் அகலத்தில் ஏறத்தாழ 80 விழுக்காடு என்பதால், இரண்டின் விட்டமும் 615, 620 மில்லிமீட்டர் என்று நெருங்கியே வருகிறது. ஸ்பீடோமீட்டரும் பெரிதாக மாறாது. சிக்கல் அகலத்தில் இருக்கிறது. 185 டயருக்கு அனுமதிக்கப்பட்ட ரிம் அகலத்தின் கீழ் எல்லை 4.5 அங்குலம், நம் கம்பிச் சக்கரத்தின் அகலமும் அதேதான். பவர் ஸ்டீயரிங் இல்லாத காரில் நிறுத்துமிடத்தில் தோள் வலிக்கும். காரில் ஆள் ஏறினால் பின்புற மட்கார்டின் உள்விளிம்பில் உரசவும் கூடும். 195/60 போடுவது அதைவிட மோசம். விட்டம் 590க்கு இறங்கிவிடுவதால் அதே வேகத்துக்கு எஞ்சின் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கும்.

இன்னொரு கடையில் 165 ஆர் 14 சி என்று குறியிட்ட டயரை எடுத்துவைத்து, "மாமா, அளவு ஒன்றுதானே, பக்கிக்குப் போடுவது, உறுதியாக இருக்கும்" என்றார்கள். பக்கி என்று நாம் சொல்லும் சிறு சுமை வண்டிகளுக்கான அந்த டயரின் பக்கச்சுவர் மிகவும் விறைப்பானது. ஒரு டன்னுக்கும் குறைவான எடையுள்ள ஸ்போர்ட்ஸ் காரில் அது வளைந்து கொடுக்காது. அளவு பொருந்தினால் டயர் பொருந்திவிடும் என்று யாரும் நம்ப வேண்டாம்.

சிஏ67 இந்தக் காருக்கென்றே செய்தது போல உட்கார்கிறது. டயரின் தோள் இன்றைய டயர்களைப் போல வெட்டிவிட்டாற்போல் இல்லாமல் உருண்டு இறங்குகிறது. நெளிநெளியான கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. உயரமான பக்கச்சுவர் மட்கார்டின் வளைவைச் சரியாக நிரப்புகிறது. ஃபீல்ட்ஸ் ஹில் ஏறி, போத்தாஸ் ஹில் வழியாக ஆயிரம் குன்றுகளின் பள்ளத்தாக்கை ஒட்டிச் செல்லும் பழைய சாலையில் இதன் அருமை முழுமையாகத் தெரிகிறது. வளைவில் பிடி தளரும்போது சட்டென்று விடாமல், முன்கூட்டியே ஸ்டீயரிங் வழியாகச் சொல்லிவிட்டு மெல்ல நழுவுகிறது. மழையிலும் அதே குணம் மாறவில்லை. எச் என்ற குறி மணிக்கு 210 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது. எம்ஜிபிக்கு அது தாராளம்.

விலைதான் குறை. சாதாரண டயரைப் போலப் பல மடங்கு ஆகிறது, வெளிநாட்டிலிருந்து வரக் காத்திருக்கவும் வேண்டும். அவ்வளவு செலவழிக்க முடியாதவர்கள் அதே அளவில் வரும் விரெடஸ்டைன் ஸ்பிரின்ட் கிளாசிக்கைப் பார்க்கலாம். தோற்றத்திலும் குணத்திலும் அது 185ஐவிட எவ்வளவோ மேல்.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். கம்பிகளின் முனைகள் ரிம்மைத் துளைத்து வருவதால் டியூப் கட்டாயம் தேவை; அந்த முனைகளின் மேல் ரிம் பட்டை போட வேண்டும். என் டயர் ஒன்றின் உட்புறத்தில் ஒட்டியிருந்த காகிதச் சீட்டை அந்தக் கடைக்காரர் அப்படியே விட்டு டியூபை நுழைக்கப் பார்த்தார். அந்தச் சீட்டின் ஓரம் நாளடைவில் டியூபை அரித்து ஓட்டை போட்டுவிடும். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்கத் தேதிக் குறியையும் படியுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் தயாரித்த வாரத்தையும், அடுத்த இரண்டு ஆண்டையும் காட்டும். எப்போதாவது ஓட்டும் காரில் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகி வெடிப்பு விடுகிறது, நம் கடற்கரை வெயிலில் அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

ஆர்டர் செய்யும்போது நான்கல்ல, ஐந்து டயர் வாங்குங்கள். டிக்கியில் பழைய கிராஸ்பிளை ஸ்டெப்னி கிடந்தால், வழியில் பஞ்சராகும் அன்று ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியலும் மறுபக்கம் கிராஸ்பிளையும் சேர்ந்துவிடும். அப்படி ஓட்டுவது ஆபத்து.